குமாரமங்கலம் டாக்டர் ப. சுப்பராயன்

சென்னிமலை என்ற உடனே தமிழ் மக்களின் நெஞ்சில் எழுவது கொடிகாத்த குமரனின் பெயர். 1904ஆம் ஆண்டு இம்மலையடிவாரத்தில் நெசவாளர் குடியில் பிறந்து, 1932 சனவரியில் திருப்பூர்த் தெருவில் தடியடிபட்டு உயிர் நீத்தவர் அவர். ஊரில் எந்த விழா நடந்தாலும் அவர் பெயர் முதலில் ஒலிக்கும். அது முறையும் ஆகும். அதே கொங்கு மண்ணில், காவிரிக்கு அக்கரையில் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக உயர்ந்த ஒருவரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வகுப்பில் ஒருமுறை இந்தி எதிர்ப்புப் போராட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1938இல் கல்வி அமைச்சராக இருந்தவர் யார் என்று ஒரு மாணவர் கேட்டார். டாக்டர் சுப்பராயன் என்றேன். அப்படியானால் அவர் தமிழுக்குப் பகைவரா என்று அடுத்த வினா வந்தது. மணி அடித்துவிட்டமையால் அன்று விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்ந்த விடை எனக் கொள்ளலாம்.

பரமசிவ சுப்பராயன் 1889 செப்டம்பர் 11ஆம் நாள் குமாரமங்கலம் சமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்சுபோர்டில் படித்து, சட்டத்தில் உயர்பட்டம் பெற்றுத் திரும்பி வழக்கறிஞரானார். அவர்தம் மணவாழ்க்கையே அக்காலத்திற்கு ஒரு துணிவு. மங்களூரில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்காகத் தம் வாழ்நாளை ஈந்த குத்முல் ரங்கராவின் மகளார் ராதாபாயை அவர் மணந்தார். சாதியும் வேறு, மொழியும் வேறு. அவ்வம்மையாரும் சாதாரணமானவர் அல்லர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் சென்றமர்ந்தவர். 1938இல் மத்திய சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினரானவர்.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்திற்கு 1920இல் முதல் தேர்தல் நடந்தது. இன்றைய தேர்தலை மனத்திற்கொண்டு அதனை எண்ணிப் பார்க்கலாகாது. சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 98. அவற்றுள் முஸ்லிம்களுக்கு 13, நிலவுடைமையாளர்களுக்கு 6. இவையன்றி அரசு நியமித்த உறுப்பினரும் இருந்தனர். சுப்பராயன் நிலவுடைமையாளர் தொகுதி ஒன்றிலிருந்து அவைக்குள் நுழைந்தார். குடிமக்கள் அனைவரின் வாக்கையும் கேட்டுப் பெற்று வந்தவர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வாறு கேட்கும் காலம் அவருக்கு அறுபது வயதைக் கடந்த பின்னரே வாய்த்தது.

1926 நவம்பர் தேர்தலில் நீதிக்கட்சி சரிந்தது. சுயராச்சியக் கட்சி 41 இடங்களையும் நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. வென்றவர்கள் பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரசின் கொள்கையால் ஆட்சியை மறுத்தனர். ஆளுநர் கோசன் பிரபு எக்கட்சியையும் சாராத சுப்பராயனை அழைத்தார். 1926 டிசம்பர் 4ஆம் நாள் அவர் முதலமைச்சரானார், வயது 37. அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் அமைச்சர்கள். தமக்கென ஒரு கட்சி இல்லாமல், நியமன உறுப்பினர்களின் துணையை நம்பி அமர்ந்த ஆட்சி அது. இரட்டை ஆட்சி முறையில் காவலும் நிதியும் ஆளுநரின் நிருவாகக் குழுவிடம். கல்வி, மருத்துவம், உள்ளாட்சி போன்றவை மட்டுமே அமைச்சர்களிடம். நாற்காலி இருந்தது, அதன் கால்கள் பிறர் கையில் இருந்தன.

1928இல் சைமன் குழு வந்தபோது இந்நிலை வெளிப்பட்டது. குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று கூறி மற்ற இரு அமைச்சர்களும் பதவி விலகினர். சுப்பராயன் தொடர்ந்தார். நீதிக்கட்சியின் ஆதரவு அவருக்குத் திருப்பப்பட்டது, எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய அமைச்சர்களாயினர். தேசிய இயக்க நோக்கில் இது பழுதே. ஆனால் வரலாறு நேர்க்கோட்டில் செல்வதில்லை. அந்த மாற்றத்தால் உள்ளே வந்த முத்தையா முதலியாரின் கையால்தான் அதே ஆண்டில் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது. 12 அரசுப் பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 என்று அது வரையறுத்தது. நம் சமுதாயப் பெரியவர்களுள் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அரசு அலுவலகத்தின் படியேறியது இந்த ஆணையின் பயனால்தான். ஆணையின் பெருமை முத்தையா முதலியாருக்கே உரியது. எனினும் அது சுப்பராயன் தலைமையேற்ற அமைச்சரவையின் செயல் என்பதும் ஏட்டில் நிற்கும்.

அவ்வாட்சிக் காலத்தில் வேறு சிலவும் நடந்தன. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டு, அவையின் துணைத்தலைவராகவும் தேர்வு பெற்றார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் வேரை அசைத்த சட்டத்திருத்தம் அவரால் 1929இல் நிறைவேறியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாவதற்கான சட்டமும் இவ்வமைச்சரவை இருந்தபோதுதான் வந்தது. இதே காலத்தில், 1928இல், பாரதியாரின் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன என்பதையும் தமிழ்த்துறையின் மலரில் சொல்லாமல் விடுதல் தகாது. காவல் அமைச்சரின் பொறுப்பில் இல்லை என்பது சட்டப்படி சரியான விடைதான். சட்டமன்றம் அத்தடையைக் கண்டித்துப் பெரும்பான்மையால் முடிவு செய்தது என்பது ஆறுதல்.

1930 தேர்தலில் நீதிக்கட்சி மீண்டது. முனுசாமி நாயுடு முதலமைச்சரானார். பதவி இழந்த சுப்பராயன் அவையில் உறுப்பினராக இருந்த அவ்வாண்டுகளே, என் கருத்தில், அவர்தம் சட்டமன்ற வாழ்வின் மிகச் சிறந்த பகுதி. குமரன் மறைந்த அதே 1932ஆம் ஆண்டு நவம்பரில், தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயில்களுக்குள் அனுமதிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அவை ஏற்றது. குருவாயூர்க் கோயிலின் முன் கேளப்பன் உண்ணாநோன்பிருந்து, காந்தியடிகளின் கவனம் முழுதும் அப்பக்கம் திரும்பியிருந்த நேரம் அது. தீர்மானத்தைச் சட்டமாக்க அவர் மசோதா எழுதினார். மாகாண அவையில் அதனை முன்வைக்க இந்திய அரசின் இசைவு தேவைப்பட்டது; 1933 சனவரியில் அரசப் பிரதிநிதி வில்லிங்டன் பிரபு இசைவை மறுத்தார். ஆறாண்டு கழித்து, 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் திறக்கப்பட்டு, ஆலயப் பிரவேசச் சட்டங்களும் வந்தபோது, சுப்பராயன் அமைச்சர் இருக்கையில் இருந்தார். முன்னர் அவர் எழுதிய மசோதாவை அன்று நினைத்தவர் சிலரே.

இதற்குள் அவர் காங்கிரசில் சேர்ந்துவிட்டார். 1937 தேர்தலில் சட்டப் பேரவையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரசு வென்றது. சூலை மாதம் இராசாசி ஆட்சி அமைத்தார். யாகூப் அசன் பொதுப்பணி அமைச்சர். சுப்பராயன் சட்டம், கல்வி அமைச்சர். பதினோராண்டுக்கு முன் முதலமைச்சராக இருந்தவர் மற்றொருவரின் கீழ் அமைச்சராக அமர்ந்தார். இதனைச் சிறுமை என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை.

மாணவர் வினாவின் களம் இதுதான். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கும் ஆணை பிறந்தது. முடிவின் முதற்காரணர் இராசாசி என்பது உலகறிந்தது. ஆயினும் துறை சுப்பராயனுடையது. பெரியார், மறைமலையடிகள், சோமசுந்தர பாரதியார் முதலியோர் எதிர்த்தெழுந்தனர். முஸ்லிம் லீக் உறுப்பினராகிய திருச்சி கலிபுல்லா சாகிபு அவையிலும் மேடையிலும் தமிழின் பக்கம் நின்றார். உருது பேசுவோர்க்கும் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் வேறுபாடு உண்டென்பதை அன்று பலர் முதன்முறையாக அறிந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைத் தண்டனைக்கு ஆளாகி உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் ஆணையைத் திரும்பப் பெற்றார். இந்நிகழ்ச்சியில் சுப்பராயனுக்குப் பங்கில்லை என்று வாதாடுவது நேர்மையன்று. அமைச்சரவையில் அமர்ந்தவர் அதன் செயலுக்குப் பொறுப்பாளியே.

பின்னர் 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறை அவரிடம் வந்தது. கம்யூனிஸ்டுகள் மீது அரசின் பிடி இறுகிய நாட்கள் அவை. அவர்தம் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் அக்கட்சியின் முன்னணியினர். மகன் 1940களின் தொடக்கத்திலேயே சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றவர். வீட்டுக்குள்ளேயே அரசும் எதிர்ப்பும் ஒரே பந்தியில் உண்ட குடும்பம் தமிழகத்தில் அரிது. அதே அமைச்சரவைதான் 1947இல் வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 இடங்கள் தந்தது. மொத்தம் 14 இடங்களாக்கிய அத்திருத்தத்தில் முஸ்லிம்களின் பங்கு 1 ஆகக் குறைந்தது. இரண்டு ஆணைகளின் போதும் அமைச்சராக இருந்தவர் சுப்பராயன். முன்னதற்கு நன்றி சொல்வோர் பின்னதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அரசியல் நிருணய சபையிலும் அவர் உறுப்பினர். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். நாகரியும் வேண்டாம், உருது எழுத்தும் வேண்டாம் என்ற அந்த நடுவழியை எவரும் ஏற்கவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த முன்னோரின் வழிவந்த நமக்கு, ஒரு மொழி மற்றோர் எழுத்தில் வாழ முடியும் என்பது புதுமையன்று. விந்தை யாதெனில், அவர் அடுத்துச் சென்ற நாடே அதற்குச் சான்றாக இருந்தது. விடுதலை பெற்ற இந்தோனேசியாவுக்கு இந்தியாவின் முதல் தூதராக அவர் அனுப்பப்பட்டார். மலாய் மொழி அரபு எழுத்திலிருந்து ரோமன் எழுத்துக்கு மாறி நிலைபெற்றிருந்த மண் அது. 1951 வரை அங்கிருந்தார்.

1954இல் மாநிலங்களவைக்குத் தேர்வு பெற்றார். மறு ஆண்டு, பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் குழுவை இந்திய அரசு அமைத்தது. சுப்பராயனும் அதில் ஓர் உறுப்பினர். 1956இல் குழு இந்தியின் பக்கம் சாய்ந்து தன் அறிக்கையைத் தந்தபோது, இருவர் உடன்பட மறுத்துத் தனித்தனியே மாற்றுக் குறிப்பு எழுதினர். ஒருவர் வங்கத்து மொழியியல் பேரறிஞர் சுனிதி குமார் சட்டர்சி, மற்றவர் சுப்பராயன். இந்தி பேசாத மக்கள்மீது அதனை விரைந்து ஏற்றுவது அவர்களைப் பின்தள்ளிவிடும், ஆங்கிலம் தொடர்தல் வேண்டும் என்பது அவர் நிலையின் சாரம். 1938இல் 125 பள்ளிகளுக்கு இந்தியை அனுப்பிய துறையின் அமைச்சர், பதினெட்டு ஆண்டு கழித்துத் தம் கட்சியின் நடுவண் அரசு அமைத்த குழுவிலேயே மறுப்பு எழுதினார். 1959இல் நாடாளுமன்றத்தில் நேரு தந்த உறுதிமொழிக்கு இட்டுச்சென்ற வாதங்களில் இம்மறுப்புக் குறிப்புகளுக்கும் இடமுண்டு. இது மனமாற்றமா, காலத்தின் பாடமா என்று துணிந்து கூற நம்மால் இயலாது. தவறிய பாதையிலேயே பிடிவாதமாக நடந்தவர் அல்லர் என்று மட்டும் கூறலாம். அன்று வினவிய மாணவர் இப்போது எங்கோ ஆசிரியராக இருப்பார். அவர் கண்ணில் இப்பக்கம் படுமாக.

1957 பொதுத்தேர்தலில் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் சுப்பராயன் வென்றார். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல். சமீன்தார் வீட்டுப் பிள்ளை உழவர், நெசவாளர் வாசலில் நின்று வாக்குக் கேட்டார். அதே தேர்தலில் கோவைத் தொகுதியில் கம்யூனிஸ்டுக் கட்சி சார்பில் மகள் பார்வதி கிருஷ்ணன் வென்றார். மாநிலங்களவையிலும் இருவரும் ஒருசேர இருந்தவர்களே. தந்தை ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்வரிசையில். 1959இல் தந்தை போக்குவரத்து, செய்தித் தொடர்பு அமைச்சரானபின், அவர் துறையை வினவும் உரிமை மகளுக்கும் இருந்தது. கொங்கு நாடு ஒரே வீட்டிலிருந்து இரு குரல்களைத் தில்லிக்கு அனுப்பிய காலம் அது. இடையில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் அவர் சில ஆண்டுகள் இருந்தார் என்பது விளையாட்டில் ஈடுபாடுடைய மாணவர்களுக்காக.

1962 ஏப்ரலில் மராட்டிய மாநில ஆளுநராக அமர்த்தப்பட்டார். அப்பதவியில் ஆறு திங்களும் நிறையவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் காலமானார். திருச்செங்கோட்டில் பின்னர் நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எஸ். கந்தப்பன் வென்றார், 1967இல் அத்தொகுதி க. அன்பழகனைத் தேர்ந்தெடுத்தது. 2008 மறுவரையறையில் அத்தொகுதியின் பெயரே மக்களவைப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. மூத்த மகன் தளபதி பி. பி. குமாரமங்கலம் 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைவரானார். மோகன் பின்னாளில் காங்கிரசில் சேர்ந்து நடுவண் அமைச்சராகி 1973இல் விமான விபத்தில் மறைந்தார். மோகனின் மகன் ரங்கராசன் சேலத்தில் காங்கிரசின் சார்பிலும், 1998லும் 1999லும் திருச்சியில் பாரதிய சனதாக் கட்சியின் சார்பிலும் வென்று, 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.