பகைவர் பாசறையில் அசிசியார்

இத்தாலியின் அசிசி நகரில் செல்வமிக்க துணி வணிகரின் மகனாகத் தோன்றியவர் பிரான்சிஸ். பிறந்த ஆண்டு 1181 என்றும் 1182 என்றும் கூறுவர். பாட்டிலும் கேளிக்கையிலும் திளைத்த அவ்விளைஞர், வீரப்புகழ் வேட்டு 1202இல் பெருஜியா நகரத்தாரோடு பொருதுச் சிறைப்பட்டார். சிறையும் நோயும் அவர் நெஞ்சைத் திருப்பின. தந்தையின் செல்வத்தைத் துறந்தார், தொழுநோயாளரைத் தழுவினார், வறுமையையே வாழ்வாக ஏற்றார்.

ஐந்தாம் சிலுவைப்போர் மூண்ட காலம் அது. 1219இல் கிறித்தவப் படை எகிப்தின் தமியெட்டா நகரை முற்றுகையிட்டிருந்தது. அங்குச் சென்ற அசிசியார், இலூமினாதோ என்னும் துறவியை உடன்கொண்டு, படைக்கலம் ஏதுமின்றிப் பகைவர் பாசறைக்குள் புகுந்தார். சுல்தான் அல்-காமிலைக் கிறித்தவ நெறிக்கு மாற்றுவதே அவர் நோக்கம்; உயிர்ப்பலிக்கும் அவர் அணியமாயிருந்தார். சலாவுதீனின் தம்பி மகனான சுல்தானோ அவர் உரையைப் பொறுமையுடன் கேட்டு, தீங்கின்றித் திருப்பியனுப்பினார். இருவருள் எவரும் சமயம் மாறவில்லை. போரும் நிற்கவில்லை, அவ்வாண்டு நவம்பரில் தமியெட்டா வீழ்ந்தது.

எனினும் அப்பயணம் வீணாகவில்லை. 1221இல் தம் சபைக்கு வகுத்த ஒழுங்கில், இசுலாமியரிடையே செல்லும் துறவியர் வாதுக்கும் பூசலுக்கும் இடந்தராது, இறைவன்பொருட்டு எல்லார்க்கும் பணிந்து வாழலாம் என்னும் நெறியை முதலாவதாக வைத்தார். இறைச்சொல்லை அறிவிப்பது, அது இறைவனுக்கு உவப்பென உணரும்போது மேற்கொள்ளும் இரண்டாம் நெறியாயிற்று. சிலுவைப்போர் முழக்கத்திடையே பிறந்த விதி இது என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

நாட்டை ஆள்வோர்க்கு வரைந்த மடலில், மாலைதோறும் அறிவிப்போன் வாயிலாகவோ வேறு அடையாளத்தாலோ மக்களை இறைபுகழுக்கு அழைக்குமாறு வேண்டினார். எகிப்தில் செவியுற்ற பாங்கொலியின் தாக்கத்தை இதில் காண்பர் அறிஞர் சிலர். 1224இல் லா வெர்னா மலையில் எழுதிய துதியில் இறைவனின் பண்புகளையே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். இசுலாமியர் ஓதும் தொண்ணூற்றொன்பது திருநாமங்களை அவ்வடுக்கு நினைவூட்டுகிறது.

மறு ஆண்டு, பார்வை மங்கிய நிலையில், கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து மக்கள் மொழியில் கதிரவன் பாடலை இயற்றினார். ஞாயிறும் திங்களும் நீரும் நெருப்பும் அதில் உடன்பிறப்புகளாயின. 1226 அக்டோபர் 3இல் அவர் வாழ்வு நிறைவுற்றது. மாற்றச் சென்றவர் மதிக்கக் கற்றுத் திரும்பினார். வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டைச் செவிகொடுத்துக் கேட்டதால் அவர் நம்பிக்கை தளரவில்லை. அவர் சொல் விரிந்தது.