வானநூற் பேரறிஞர் ஆர்தர் எடிங்டன்

சடவுலகை ஆராய்வோர் பலர். அவ்வாராய்ச்சியின் எல்லையை ஆராய்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ஆர்தர் எடிங்டன். இவர் 1882ஆம் ஆண்டு இங்கிலாந்திலே கெண்டல் என்னும் ஊரில், குவேக்கர் என்னுங் கிறித்தவ சபையைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தும், உதவிச்சம்பளம் பெற்றுக் கற்று, 1913இற் கேம்பிரிட்ஜில் வானநூற் பேராசிரியரானார்.

முதல் உலக யுத்தத்திலே, போர்த்தொழில் தஞ்சமயத்துக்கு மாறென்று படைசேர மறுத்தார். ஆராய்ச்சியைத் தொடரும்படி 1918இல் விலக்களிக்கப்பட்டது. 1919 மே 29ஆந் திகதி, ஆபிரிக்காவுக்கு மேற்கிலுள்ள பிரின்சிப்பே தீவிற் பூரண சூரிய கிரகணத்தைப் படம்பிடித்தார். விண்மீனொளி சூரியனருகே வளைதல் அதனாற் புலப்பட, பகைநாட்டிலிருந்த ஐன்ஸ்டைனுடைய கொள்கை வலியுற்றது.

1927இல் எடின்பரோ நகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலே, பௌதிகநூல் தருவன கருவிமுள் காட்டும் அளவுகளேயென்றும், பொருளின் உள்ளியல்பை அவை கூறாவென்றும், நாம் நேரே அறிவது நம்முணர்வேயென்றும் விளக்கினார். ஆயினும், பௌதிகநூல் சமயத்தை நிறுவுமென்று கூற அவர் உடன்படவில்லை.

இவரும் வழுவினார். தமிழ்க்குடியிற் பிறந்த இளைஞர் சந்திரசேகர், வெண்குறுமீன்களின் நிறைக்கு வரம்புண்டென்று கணித்ததை 1935இற் சபையிலே மறுத்தார். சந்திரசேகர் கணிப்பே மெய்யென்பது பின்னர்த் துணியப்பட்டது. எடிங்டன் 1944இற் காலமானார்.

விஞ்ஞானமே நஞ்சமயத்தை நாட்டிற்றென மாணாக்கருக்குச் சொல்லும் அவா ஆசிரியராகிய நமக்கு எளிதில் எழும். இன்றைய கொள்கை நாளை மாறின், அதன்மேல் நாட்டிய சமயம் என்னாம்? அளவையின் எல்லையை அறிவித்து, உணர்வை உணர்வாலேயே நாடச்செய்தல் நங்கடனாம்.