சலீம் அலி: பறவைகளுக்காகப் பேசியவரும் பரத்பூர் எருமைகளும்

தாராபுரத்தில் இருந்து குளிர்காலப் பறவை பார்க்கக் கிளம்பினால், மாவட்டத்துக்குள்ளேயே திருப்பூர் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த குளம். அங்கே பைனாகுலரோடு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சலீம் அலி பெயர் வராமல் இருக்காது. யார் இவர்?

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் ஏர்கன்னால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. என்ன குருவி என்று கேட்க, மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கச் செயலாளர் மில்லார்ட் அலமாரிகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்ட, பையனின் போக்கே மாறிவிட்டது.

பட்டம் இல்லாததால் பறவையியல் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனி போய் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். 1941-ல் வெளியான இவரது இந்தியப் பறவைகள் நூல்தான் சாதாரண ஆட்களையும் பறவை பார்க்க வைத்தது. நம்ம கோடியக்கரையிலும் வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் ஆய்வை நடத்தினார்.

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் ராஜஸ்தானின் பரத்பூர். மன்னர் காலத்தில் அது வாத்து வேட்டைக் காடு. 1938-ல் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நீரை வடித்து வயலாக்கக் கோரிக்கை எழுந்தபோது, நேருவரை கொண்டுபோய்த் தடுத்தவர்களில் சலீம் அலி முக்கியமானவர்.

அடுத்து நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்றே அவரும் நம்பினார். அது தேசியப் பூங்காவானதும், 1982-ல் எருமைகளுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மாடு நின்றதும் புல் தண்ணீர்ப் பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. தாராபுரம், காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் மாடு மேய்த்தவர்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்!

எருமைகள் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்று கண்டறிந்தது அவருடைய சங்கம் நடத்திய பத்தாண்டு ஆய்வுதான். அது முடியும் முன்பே, 1987 ஜூன் 20-ல், 90 வயதில் சலீம் அலி காலமானார். பரத்பூர் ஆய்வை முன்னின்று நடத்திய விஜயன், பிறகு கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரிலேயே 1990-ல் உருவான பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார்.