மருந்தறையில் தமிழ் பயின்ற கிறீன்

மேனாட்டு வைத்தியம் ஈழநாட்டுத் தமிழரிடையே வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் சத்திரவைத்தியர்களின் கைத்திறனையே பெரிதும் பாராட்டுவர். கல்வமும் தராசும் முன்வைத்து, வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்த்து, அவரவர் நோய்க்கும் வயதுக்கும் ஏற்ப மருந்தைக் கூட்டிக் கொடுத்த மருந்து கலப்போரை நினைப்பார் அரியர். குளிசைகள் பெட்டி பெட்டியாய்க் கப்பலில் வந்திறங்கத் தொடங்கு முன்னர், ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து தனித்தனியே ஆக்கப்பட்டது. நம் புத்தளக் கரையிலும் முதியோர் அதனை மறந்திரார்: நோயாளி வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போதல் வேண்டும், மருந்து வார்த்தபின் போத்தலின் புறத்தே, வேளைக்கு இவ்வளவென்று பல்வெட்டிய கடதாசித் துண்டொன்று ஒட்டப்படும். எழுத்தறியாதவரும் அப்பல்லை எண்ணி மருந்துண்டனர்.

அத்தொழிலைத் தமிழிலே கற்பிக்கலாமென்று துணிந்து, கற்பித்தும் காட்டியவர் தமிழர் அல்லர். அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் மசாசூசெற்சு மாநிலத்து ஊஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்னும் குடும்ப மனையிற் பிறந்தார். நியூயோர்க் மாநகரின் அமைப்பாளருள் ஒருவராகப் புகழ்பெற்ற அந்திரு ஹாஸ்வெல் கிறீன் அவருடைய தமையனார். நியூயோர்க்கிலே வைத்தியங் கற்று 1845இல் தேர்ந்த கிறீன், அங்கேயே தொழில் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ 1847இல் அமெரிக்க மிசனைச் சார்ந்து கப்பலேறி, சென்னை வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே 1820 முதல் பண்டத்தரிப்பில் யோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பணிபுரிந்திருந்தார். கிறீன் வட்டுக்கோட்டையிற் சிலகாலம் தங்கி, 1848இல் மானிப்பாயை நிலையான இடமாகக் கொண்டார்.

வந்த மறு ஆண்டிலேயே ஓருண்மை அவருக்குப் புலனாயிற்று. ஒரு வைத்தியர் எத்துணை முயன்றாலும் ஒரு தீபகற்பத்தின் நோயை ஒழித்தல் இயலாது. வாந்திபேதி எழுந்தால் ஊரூராய்ச் சாவு விழுந்த காலம் அது. ஆகவே வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்றுத் தேறிய மாணவர் சிலரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. அம்மாணவர் திறமையிற் குறைந்தவரல்லர். எனினும் ஆங்கில வைத்தியங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் நாடி அயலூர் செல்வதைக் கிறீன் கண்டார். ஊர்மக்களுக்கு ஊரிலே நின்று மருந்து கொடுப்போர் வேண்டுமாயின், கல்வி ஊர்மொழியில் நடைபெறுதல் வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தது இவ்வாறே. அம்முடிவிலே மொழிப்பற்றைவிட உலகியலறிவே மிகுதியாக இருந்ததென்பது என் கருத்து. அதனாற் பெருமை குறைந்துவிடவில்லை.

மருந்தறையை எண்ணிப் பார்ப்போருக்கு அம்முடிவின் இன்றியமையாமை இன்னும் தெளிவாகும். அக்காலத்து ஆங்கில மருந்தளவையில் 60 கிறெயின் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். வைத்தியர் சீட்டிலோ டிராமுக்கும் அவுன்சுக்கும் பெயரெழுதாது குறியே இடுவர். அக்குறிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரு வடிவினவே. மேலே ஒரு கீற்றுக் கூடினால் டிராம் அவுன்சாகிவிடும். எண்மடங்கு மருந்து! வெறும் உப்பாயின் வயிற்றோட்டத்தோடு போகும். அபினியாயின் உயிரே போகும். எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் சத்தையோ கிறெயினின் சிறு கூறாகவே நிறுத்தல் வேண்டும். நம் நாட்டு வைத்தியர் குன்றிமணியாலும் கழஞ்சாலும் நிறுத்துப் பழகியவர். குன்றிமணியை விட்டுக் கிறெயினுக்கு வருபவன், தான் எதனை எதனோடு ஏன் சேர்க்கிறான் என்பதைப் பொருளுணர்ந்து செய்யாது, வாய்ப்பாடமாய்ச் செய்வானாயின் விளைவென்னாகும்? தாய்மொழியில் விளக்கமின்றி அந்தத் தராசை ஒருவன் கையிற் கொடுத்தல் தகாது.

நூலின்றிக் கல்வியில்லை, தமிழிலோ அத்தகைய நூலே இல்லை. கிறீன் தாமே முனைந்தார். கற்றரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1852இல் வெளிவந்தது. 1857இல் உடல்நலங் குன்றித் தாயகம் மீண்டவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து அவருடன் திரும்பி வந்தார். அதன்பின் தமிழ்வழி வகுப்பே நிலைபெற்றது. 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம். பிரசவ வைத்தியமும் மனுஷ சுகரணமும் வேறு. இவையனைத்தும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். இப்பெரும்பணியில் டன்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணவர் தோள்கொடுத்தனர். பெயர் மேனாட்டதாயினும் இவர்கள் நம்மவரே. மிசன் பள்ளியில் அமெரிக்கப் பெயர் சூட்டும் வழக்கம் அந்நாளில் இருந்தது. மொழிபெயர்ப்பிற் பாதிப் புகழ் இவர்களுக்குரியது என்பதை நம் மேடைப் பேச்சாளர் மறந்துவிடுகின்றனர்.

நமக்கு, அஃதாவது சொல்லோடு மல்லாடுவோருக்கு, கிறீனின் கலைச்சொல் முறையே பெரிதும் சுவை பயப்பது. முதலிலே தமிழில் வழங்குஞ் சொல்லைத் தேடுக; கிடையாவிடின் வடமொழியிற் கொள்க; அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய அமைத்துக்கொள்க. இது அவர் கையாண்ட வரிசை. கெமிஸ்தம் என்னும் நூற்பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று. பிறமொழிப் பகுதிக்குத் தமிழ் ஈறு கொடுத்து நம்மவனாக்கிவிட்டார். மருந்துப் பொருள்கள், மருந்தாக்கம் ஆகியவற்றின் சொற்களைத் தொகுத்தும் வெளியிட்டார். அவருடைய உற்பாலனமும் சுகரணமும் இன்று வழக்கில் இல்லை. வடமொழிச் சுமை மிகுதி என்று சொல்லாதிருக்க முடியவில்லை. 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்கள் ஆக்கப் புகுந்தபோது உடற்றொழிலியல் போன்ற தெளிந்த சொற்கள் வந்தமைந்தன. ஆயினும் முதற் பாதை வெட்டியவனிடம் பாதை நேராயில்லையே என்று வழக்காடுதல் முறையாகாது.

இவ்விடத்தே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் வேண்டும். நம் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த தமிழ் புளூராக் என்னும் நூலை 1859இல் வெளியிட்டார், ஆங்கிலத்தில். அதே தலைமுறையில் அமெரிக்கரொருவர் மேனாட்டு இரணவைத்தியத்தை எழுதினார், தமிழில். இருவரும் தத்தமக்கு வேண்டிய வாசகரை நோக்கியே எழுதினராதலின் எவரையுங் குறை கூறுதற்கில்லை. எனினும் கற்பிட்டிக் கடற்கரையில் நிற்குந்தோறும் எனக்கு இந்நினைவு வருகிறது.

கிறீனிடம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே வைத்தியங் கற்றவர். அவர் தம் மாணவரை உடையாலும் நடையாலும் தமிழராகவே இருக்குமாறு வற்புறுத்தினார். ஐரோப்பியரைப் போலி செய்வதை அவர் சிறிதும் விரும்பவில்லை. சிலர் வேட்டியுஞ் சால்வையுமாய் நின்று இரணமறுத்தனர் என்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி பிறக்கிறது.

ஆனால் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கியது. உத்தியோகம் ஆங்கிலத்தின் கையில் இருந்தது. மாணவரும் பெற்றோரும் அதனையே நாடினர். 1873இல் கிறீன் குடும்பத்துடன் அமெரிக்கா திரும்பினார். மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதன் பயனாய் மருந்தறையில் நின்ற நம்மவர், தாம் கலக்கும் மருந்தின் பெயரை இலத்தீனிலும் அளவை ஆங்கிலத்திலும் மனனஞ் செய்து, நோயாளிக்கு மட்டும் தமிழிற் கூறி நூறாண்டு கழித்தனர்.

ஊர் திரும்பியும் கிறீன் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். கையெழுத்துப் படிகளும் அச்சுத் தாள்களும் கடல் கடந்து கடிதப் பொதிகளாய்ப் போய்வந்தன. தம் மருந்து நூல் வரிசையின் நிறைவாக அவர் கொண்டது, திருவிதாங்கூர் அரண்மனை வைத்தியராயிருந்த வாரிங் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்துநூலாகும். கிறீன் அதனைத் தேர்ந்தது கருத்துடையது. மேனாட்டுச் சரக்கோடு நம் கடைத்தெருச் சரக்கையும் ஆராய்ந்து அளவு கூறும் நூல் அது. கடுக்காயும் எட்டியும் அபினியும் அங்கே ஒரே தராசில் ஏறின. இந்து பதார்த்த சாரம் என அது தமிழில் பெயர் பெற்றது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கிறீன் தாம் பிறந்த மனையிலேயே காலமானார். தமிழருக்குப் பணிசெய்த வைத்தியர் என்னும் பொருள்படத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு முன்னரே வேண்டியிருந்தார். அவ்வாறே ஊஸ்ரர் மயானத்திற் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் வைத்தியசாலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது. கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலெழுதி அவரை மீண்டும் நினைப்பூட்டினார். இரணவைத்தியத்தையும் கெமிஸ்தத்தையும் இன்று காண விரும்புவோர் பழைய நூலகங்களின் உள்ளறைகளிலே தேடிக் காணலாம். தாள் பழுத்திருப்பினும் எழுத்துத் தெளிவாகவே இருக்கிறது.