நாற்பத்தெட்டு வயதில் வந்த கேமரா

சென்ற மாதம் நம் குடியிருப்பிலிருந்து இரண்டு வேன்களில் தரங்கம்பாடி போய் வந்தோம் அல்லவா? அன்று இரவு படுக்கப் போவதற்குள் நம் வாட்ஸ்அப் குழுவில் 200 படங்களுக்கு மேல் குவிந்துவிட்டன. டேனிஷ் கோட்டைக்கு முன்னால், அலையில் கால் நனைத்தபடி, கையில் சுண்டல் பொட்டலத்தோடு என்று விதவிதமாக. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடலோரத்தில் வீடு வைத்துக்கொண்டு மனிதர்களைப் படம் பிடித்தே பேர் வாங்கிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரில் கேமரா ஒலிப்பது தற்செயல்தான். அது கணவர் வீட்டுப் பெயர்.

1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தாய் பிரெஞ்சு வழியினர். படிப்பு பெரும்பாலும் பிரான்சில் பாட்டி வீட்டில். உடம்பு தேற தென்னாப்பிரிக்கா போனபோது சார்லஸ் ஹே கேமரனைச் சந்தித்து 1838-இல் கல்கத்தாவில் மணந்துகொண்டார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைவிட 20 வயது அதிகம். சாதாரண ஆள் இல்லை அவர். இலங்கையின் நீதிமன்ற முறையை மாற்றியமைத்த கோல்புரூக்–கேமரன் குழுவில் ஒருவர். மெக்காலேயோடு சேர்ந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவில் உழைத்தவர். இலங்கை பிடித்துப்போய் அங்கே மலைநாட்டில் நிறைய நிலம் வாங்கிக் காப்பித் தோட்டம் போட்டார். இந்தக் காப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1848-இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860-இல் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் வீடு வாங்கினார்கள். இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார்கள்: டிம்போலா. பக்கத்திலேயே அரசவைக் கவிஞர் டென்னிசன் குடியிருந்தார். கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருந்த சமயம், 1863 டிசம்பரில், தனியாக இருக்கிறாளே என்று மகளும் மருமகனும் அம்மாவுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 48 வயது.

அதோடு வீடே தலைகீழானது. கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கோழிக்கூடு ஸ்டூடியோ ஆயிற்று. நம்மைப் போல் விரலால் தொட்டால் படம் விழுகிற காலம் இல்லை அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் சில நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டு அம்மாளின் கையும் உடுப்பும் கறுத்துக் கிடக்குமாம். கணவரே மாடலாக நின்று பாதியில் சிரித்துவிட்டால் தகடு வீண்.

1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதைத்தான் தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். பிறகு யாரையும் விடவில்லை. டென்னிசன், வானியல் அறிஞர் ஹெர்ஷல், கார்லைல் எல்லோரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். 1868-இல் விடுமுறைக்கு அந்தக் கடற்கரைக்கு வந்த சார்லஸ் டார்வினும் தப்பவில்லை. வீட்டு வேலைக்காரிகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர் படங்களில் மாதாவாகவும் தேவதைகளாகவும் நின்றார்கள். படம் கலங்கலாக இருக்கிறது, ஃபோகஸ் தெரியாதவள் என்று அந்தக் காலத்துப் போட்டோகிராபர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இன்று பார்த்தால் அந்த லேசான கலங்கலில்தான் முகம் மூச்சு விடுகிறது என்பேன். என் பேரன் போனில் போர்ட்ரெய்ட் மோடு என்று வைத்துக்கொண்டு செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

வேலைக்காரிகளில் மேரி ரயன் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த குழந்தையை ஜூலியா எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1865-இல் லண்டனில் அம்மாளின் படக் கண்காட்சி நடந்தபோது, வந்தவர்களைக் கவனிக்க நின்றவள் மேரி. படம் வாங்க வந்த இளைஞர் ஒருவர், அவள் கையால் எழுதிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, 1867-இல் வந்து பெண் கேட்டு மணந்துகொண்டார். அந்த இளைஞர் ஹென்றி காட்டன், 1904-இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் கும்பகோணம், 1845-இல்! முப்பத்தாறு வருடம் ரசீது எழுதியவன் நான். அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்ட ஆள் ஒருவராவது இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இனி காப்பிக்கு வருகிறேன். கண்ணாடி, ரசாயனம், தாள் எல்லாம் செலவு. படங்களை விற்றார், உரிமையைப் பதிவும் செய்தார். ஆனாலும் குடும்பத்தைத் தாங்கியது இலங்கைத் தோட்டம்தான். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் போனவர்கள். கண்டிச் சீமைக்குப் போனான் என்று என் பாட்டி ஊரில் ஒவ்வொரு தெருவிலும் சொல்வார்கள். படகில் மன்னார் இறங்கி, காட்டு வழியே மலைநாடு வரை கால்நடை. வழியிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்தவர்கள் அநேகம். டென்னிசன் முகம் பதிந்த கண்ணாடிக்கும் அந்தக் காப்பிக் கொட்டைக்கும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு இருந்தது என்று எனக்குப் படுகிறது. 1869-இல் இலங்கைக் காப்பியில் இலைத் துரு நோய் வந்தது. கணக்கு சாயத் தொடங்கியது.

1875-இல் தம்பதி இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே போய்விட்டார்கள். கப்பலில் ஒரு பசுவும், தங்களுக்கென்று இரண்டு சவப்பெட்டிகளும் கொண்டு போனார்கள். துறைமுகக் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் தன் படங்களையே கொடுத்தார் ஜூலியா என்று சொல்வார்கள். அவை இன்று கையில் இருந்தால் பெரிய சொத்து!

களுத்துறையில் மறுபடியும் கடலோர வீடு. இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் படம் எடுத்தவரின் இலங்கைப் படங்கள் முப்பதுகூடத் தேறவில்லை. தகட்டின் ஈரம் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? 1877-இல் மேரியன் நார்த் என்ற ஓவியர் வந்து தங்கினார். அங்கே ஓர் ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் ஜூலியா அடம்பிடித்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1878-இல் எடுத்த களுத்துறைக் குடியானவர்கள் படம் ஒன்று உண்டு. ஒரு கிழவரும் இளையவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். படத்தடியில் எழுதியிருப்பது: பெண்ணுக்கு 12 வயது, கிழவர் அவள் தகப்பன் என்கிறார், தனக்கு 100 வயது என்கிறார். வங்கியில் நான் பார்த்த வயதுச் சான்று விவகாரங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், பெயர் இல்லை. டார்வின் படத்துக்குப் பெயர் இருக்கிறது. வேலைக்காரிகளான மேரி ஹில்லியர், மேரி ரயன் பெயர்கள்கூட இருக்கின்றன. இந்தக் கிழவருக்கு இல்லை.

படத்தில் குறை சொல்ல இடமில்லை. அந்த முகங்களிலும் அதே வெளிச்சம், அதே பொறுமை. ஆனால் எங்கள் கிளையில் கைநாட்டு வைக்கும் பாட்டியாக இருந்தாலும், பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் படும்படி வட்ட சீல் குத்தி, எதிரே பெயர் எழுதினால்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். போட்டோ மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் யாருக்கும் ஒரு பைசா போகாது. களுத்துறைப் பெண்ணின் பேத்தியோ கொள்ளுப்பேரனோ இன்று அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் நின்றாலும், இது நம் ஆத்தா என்று தெரிய வழி இல்லை.

ஜூலியா 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். மறு வருடம் கணவரும் போனார். இருவரும் பொகவந்தலாவை தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள், சுற்றிலும் தோட்டங்கள். ஃப்ரெஷ்வாட்டர் டிம்போலா வீடு இப்போது அருங்காட்சியகம்.

நம் தரங்கம்பாடிப் படங்களைச் சங்கத்துக் கணினியில் சேர்த்து வைக்கப் போவதாகச் செயலாளர் சொன்னார். கோட்டை வாசலில் எடுத்த குரூப் போட்டோவில் இடது ஓரம் நிற்கும் நீலச் சட்டைக்காரர் நம்முடன் வந்த இரண்டாவது வேனின் ஓட்டுநர். பக்கத்தில் சுண்டல் கூடையோடு ஓர் அம்மா. இவர்கள் பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஓட்டுநரை நானே போனில் கேட்டுவிடுகிறேன். சுண்டல் அம்மாவுக்கு, அடுத்து அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் நல்லது.