மூஸா ஜாருல்லாஹ்: ரொட்டி அட்டை மறுக்கப்பட்ட காலத்தின் ஆலிம்

நம் பேகம்பூரில் மஃரிப் முடிந்ததும் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மக்தபுக்கு ஓடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்ட சோவியத் ரஷ்யாவில் வாழ்ந்த ஓர் ஆலிமைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மூஸா ஜாருல்லாஹ் அவர்கள் ரஷ்யாவின் தாத்தார் முஸ்லிம். கஸான், புகாரா, கெய்ரோ என்று ஊர் ஊராகப் போய் ஓதியவர்கள். 1917 புரட்சியை அவர்கள் வரவேற்றார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜார் ஆட்சியின் கொடுமையைக் கண்டவர்கள். ஆங்கிலேயரை எதிர்க்கக் கம்யூனிஸ்டுகள் துணை வருவார்கள் என்று நம்பினார்கள். புதிய அரசும் உங்கள் மார்க்கத்தில் தலையிட மாட்டோம் என்று அறிவித்தது. உஸ்மான் (ரலி) அவர்களுடையது என்று மதிக்கப்படும் குர்ஆன் பிரதியை, ஜார் காலத்தில் சமர்கந்திலிருந்து கொண்டுபோனதை, முஸ்லிம்களிடமே திருப்பிக் கொடுத்தது. யார்தான் நம்பமாட்டார்கள்?

பிறகு வக்ஃப் சொத்துகள் பறிபோயின. மதரஸாக்கள் மூடப்பட்டன. கம்யூனிசத்தின் அரிச்சுவடி என்று புகாரின் முதலியோர் எழுதிய நூலுக்கு மறுப்பாக மூஸா ஜாருல்லாஹ் ஒரு நூல் எழுதினார்கள். 1923-ல் அது பெர்லினில் அச்சானது. அதே ஆண்டு அவர்கள் மாஸ்கோவில் சிறை வைக்கப்பட்டார்கள். துருக்கியின் முறையீட்டுக்குப் பிறகே விடுதலை. 1926-ல் மக்கா மாநாட்டுக்குப் போனபோது அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார்கள். மனைவி மக்கள் ரஷ்யாவில் இருந்தார்கள்.

அதன்பின் நெருக்கடி முற்றியது. தாத்தார் மொழிக்கு இருந்த அரபு எழுத்தை அரசு ஒழித்து, லத்தீன் எழுத்தைத் திணித்தது. பாட்டனாரின் கிதாபைப் பேரனால் வாசிக்க முடியாமல் போனது. அரபுத்தமிழ் கிதாபுகளை அலமாரியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் இருக்கும் நம் வீடுகளுக்கு இந்த வலி புரியும். (நாமாகவே கைவிட்டோம், அது வேறு கதை.) இமாம்களுக்கு ஓட்டுரிமை இல்லை, ரொட்டி வாங்கும் ரேஷன் அட்டையும் இல்லை. அடி உதையில்லாமலே ஒருவரைப் பட்டினி போடும் வழி அது.

1930-ல் குடும்பத்தை விட்டுவிட்டு, துருக்கிஸ்தான் வழியாகக் காஷ்கருக்குத் தப்பினார்கள். மக்காவில் நம் நாட்டு உபைதுல்லாஹ் சிந்தி அவர்களிடம் தஃப்ஸீர் கேட்டு அரபியில் எழுதிவைத்தார்கள். பெஷாவருக்கு வந்தபோது ஆங்கிலேயரும் சிறையில் போட்டார்கள்! போபால் நவாப் ஹமீதுல்லாஹ் கான் தலையிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

அவர்களுடைய சில கருத்துகளை நம் உலமாக்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனாலும் எந்த ஊரிலும் எழுதுவதை அவர்கள் நிறுத்தவில்லை.

1949-ல் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். ரஷ்யாவில் விட்டுவந்த மனைவி மக்களை மறுபடி பார்க்கவே இல்லை.