பந்தாட்ட ஆசான் ரஹீம்

நமது தேசத்தின் கால்பந்துச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்கத்தாவில் தொடங்கிக் கல்கத்தாவிலேயே முடித்துவிடுகின்றனர். இது நியாயமன்று. அவ்வாட்டத்தில் பாரதம் ஆசியாவின் முதன்மையை இருமுறை எய்தியதற்குக் காரணபூதர் ஹைதராபாத்தின் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவரே என்பதை நம் நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

ஜனாப் ஸையத் அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டு பிறந்தார். உஸ்மானியா கலாசாலைக் கோஷ்டியில் ஆடிப் பட்டமும் பெற்று, பள்ளிகளில் பாடஞ் சொல்லி வந்தார். ஆட்டக்காரரென்ற முறையில் அவர் தேசப் பிரசித்தி பெற்றவரல்லர். 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியின் பயிற்சியை ஏற்றார். அவ்வாண்டு முதல் 1954 வரை ஐந்து வருஷமும் பம்பாய் ரோவர்ஸ் கோப்பை அவர்களிடமே இருந்தது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை அவர் விரும்பவில்லை. பழக்கமற்ற காலால் மட்டுமே உதைக்கவேண்டுமென்று விதித்தும் சிறுவர்க்குப் பந்தயங்கள் நடத்தினார். வகுப்பறையில் கணக்குப் போட வைப்பது போலவே மைதானத்திலும் யோசிக்க வைத்தார் என்க.

1951-இல் டில்லியில் ஈரானை வென்று ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற தேசீயக் கோஷ்டி, மறுவருஷம் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம்மவரிற் பலர் வெறுங்காலோடு ஆடினர். கொல்லிமலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி முதலிய நம் ஊர்களில் சிறுவர் வெறுங்காலோடு பந்துதைப்பது கையில் காசில்லாமையால். அதைத் தேசப் பெருமையென்று கொண்டாட நாம் ஒருப்படோம். அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீம் ஸாஹேபும் மேனாட்டார் ஆடும் முறைகளைக் கூர்ந்து கற்று, தம் கோஷ்டியைத் திருத்தியமைத்தார். 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று நாலாமிடம் பெற்றோம். 1960-இல் ரோமாபுரியில் பிரான்ஸுடன் சமமாக நின்றோம்.

1962-இல் ஜகார்த்தாவில் முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை நம் பிரதிநிதி ஆக்ஷேபித்தமையால் ஜனங்கள் கொதித்தெழுந்து, இந்தியத் தூதரகத்தையே தாக்கினர். பின்காவலரான ஜர்னெய்ல் ஸிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை வெளியில் நிறுத்தவில்லை, முன்னணிக்கு மாற்றினார்! சென்னை ரெஜிமெண்டில் தேறிய பீட்டர் தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோல் காத்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில், கூச்சலிட்ட பெருந்திரளின் நடுவே, அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றனர். பி. கே. பானர்ஜியும் ஜர்னெய்ல் ஸிங்குமே கோல் போட்டவர்கள்.

அப்பொழுதே ரஹீம் ஸாஹேபின் சரீரத்தைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-ஆம் தேதி அவர் காலமானார். 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் ஒன்று கிடைத்தது. ஆசியத் தங்கம் நம் கோஷ்டிக்கு மீண்டும் கிட்டவில்லை.